ஊதா மருந்தும் ஒரு முறைப்பெண்ணும்

ஒருத்தியின் கணவருக்குக் கையில் சிராய்ப்பு ஏற்பட்டால், அதற்கு மருந்து போடும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், கல்யாணமான புதிதிலேயே நான் கோயமுத்தூர்க் கோர்ட் படி ஏறியிருப்பேன். எதிராளி வித்யா. சாட்சி என் கணவரின் முழங்கை.

வித்யா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் செந்திலின் தாய்மாமன் மகள். எங்கள் கொங்குப் பக்கத்தில் தாய்மாமன் மகள் என்றால் முறைப்பெண். அவள் பிறந்த அன்றைக்கே, "நம்ம செந்திலுக்குப் பொண்ணு பொறந்துருச்சு" என்று சொல்லிச் சிரித்திருப்பார்கள். அப்புறம் வளர்ந்து ஆளாகி, ஜாதகம் பார்த்ததில் பொருத்தம் சரியில்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டார். (அந்த ஜோசியர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.) அதற்குப் பிறகுதான் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இதையெல்லாம் யாரும் என்னிடம் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் என் கல்யாண மண்டபத்தில், என்னைப் பார்க்க மேடை ஏறிய மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் என் கையில் கவரைத் திணித்துவிட்டு, கழுத்தை நீட்டி, "வித்யா எங்க, காணோம்?" என்று கேட்டார்கள். மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியவளுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை. நர்ஸிங் படித்துவிட்டுச் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். குரலை உயர்த்திப் பேச மாட்டாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அக்கா, சாப்டீங்களா?" என்பாள். அவளுக்கும் அப்போது வேறு இடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை லட்சணமான பையன். அதனாலெல்லாம் பொறாமை குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் பொறாமைப்பட்டுப் பழகாதவர்கள்.

இனி என் தகுதியைச் சொல்கிறேன். எனக்குச் சோமனூர்ப் பக்கம். அப்பா விசைத்தறி போட்டிருந்தார். தறிக்குடோன் என்றால் தினமும் யாருக்காவது விரலில் கீறல், முட்டியில் அடி. அதனால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறைய மருந்து இருக்கும். பழுப்புப் பாட்டிலில் டிங்சர். மெர்க்குரோகுரோம் என்ற பெயரை யாராலும் சொல்ல முடியாததால் 'செவப்பு மருந்து' என்று மட்டும் அழைக்கப்பட்ட செவப்பு மருந்து. கத்திரிப்பூ நிறத்தில் ஊதா மருந்து. அப்புறம் பஞ்சு, வேட்டியைக் கிழித்த துணி, மஞ்சள் தூள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் அங்கே டாக்டர். தறி ஓட்டும் அண்ணன்மார்கள் என்னைக் கண்டாலே கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். அது மரியாதை என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்குச் சீர் அடுக்கும்போது, எவர்சில்வர் அண்டாவுக்குள் அம்மா அந்த டப்பாவையும் சத்தமில்லாமல் வைத்து அனுப்பினார். மற்ற வீடுகளில் பெண்ணோடு பசுவையோ பைக்கையோ அனுப்புவார்கள். நான் டிங்சரோடு போத்தனூருக்கு வாழ வந்தேன்.

என் வைத்தியக் கொள்கை இரண்டே இரண்டு. மருந்து என்றால் எரிய வேண்டும். போட்ட மருந்து நாலு பேர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எரியும்போது போட்டுவிட்டவர் குனிந்து ஊதிவிட வேண்டும். (இது மூன்றாவது ஆகிறது. ஆனால் இதுதான் முக்கியம்.) காயம் பட்டவர் "ஸ்ஸ்ஸ்" என்க, நாம் "ஆச்சு, ஆச்சு, கொஞ்சந்தான்" என்று ஊத, அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் இடையில் ஓர் ஒட்டுதல் வரும். கல்யாணமான நாளிலிருந்து செந்திலுக்கு ஒரு சின்னச் சிராய்ப்பாவது ஏற்படாதா என்று நான் காத்திருந்தேன் என்று சொன்னால் என்னைத் தப்பாக நினைக்கக்கூடாது.

சிராய்ப்பும் ஏற்பட்டது. அதை வித்யா தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

செந்திலின் அக்காவுக்கு, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவருக்கு, சரவணம்பட்டியில் வீடு. அவர் மகள் மகிழாவுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். காரமடை தாண்டி உள்ளே போனால் அவர்கள் குலதெய்வக் கோயில். அங்கே தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்பது என் கணவர். மாமன் மடியில் குழந்தை, மாமன் பக்கத்தில் மாமன் பெண்டாட்டி, அவள் கையில் சீர்த்தட்டு. இதுதான் முறை.

அந்தப் பாயில் அவர் பக்கத்தில் உட்காருவதுதான் அந்தக் குடும்பத்தின் முன்னால் எனக்குக் கிடைத்த முதல் பெரிய இடம். சொந்தபந்தம் அத்தனையும் சுற்றி நிற்கும். வித்யாவும் நிற்பாள். மாமன் பெண்டாட்டி யார் என்பதை அன்றைக்கு எல்லோரும் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதற்காகவே மாம்பழ நிறப் பட்டுப்புடவை எடுத்து, ரவிக்கையை இரண்டு தடவை பிரித்துத் தைக்கக் கொடுத்து, டெய்லர் என்னைக் கண்டாலே கடைக்குள் ஒளியும் நிலைமையை ஏற்படுத்தியிருந்தேன்.

முந்தின நாள் செந்தில் வாழைத்தார் கொண்டுபோய்க் கொடுக்க நங்கையா வீட்டுக்கு வண்டியில் போனார். தெருமுனையில் யாரோ வீடு கட்ட மணல் கொட்டி வைத்திருந்திருக்கிறார்கள். வண்டி வாரிவிட்டது. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது முழங்கையில் வெள்ளையாக ஒரு கட்டு. தாடையிலும் கன்னத்திலும் லேசான சிராய்ப்பு.

"ஏனுங்க, கையில என்னங்க இது?" என்று பதறி ஓடினேன்.

"ஒண்ணுமில்ல அம்மணி. மணல்ல வண்டி வாரிருச்சு. வித்யா கழுவிக் கட்டிவுட்டுட்டா."

வண்டி வாரிய செய்தி என் காதில் விழவே இல்லை.

"யாருங்க?"

"வித்யாதான். விசேசத்துக்கு நேத்தே வந்துட்டாளாம்."

"என்ன மருந்து போட்டா?"

"மருந்தா? கொழாத் தண்ணில நல்லா கழுவுனா. அப்பறம் தண்ணியாட்டம் என்னமோ ஊத்துனா. கொஞ்சூண்டு களிம்பு. அவ்வளவுதான். எரியவே இல்ல, தெரியுமா?"

"எரியலயா?"

"துளிகூட இல்ல."

"அப்ப, ஊதிவுட்டாளா?"

செந்தில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எரிஞ்சாத்தான அம்மணி ஊதோணும்?"

இந்த இடத்தில் நான் நிம்மதியடைந்திருக்க வேண்டும். ஊதவில்லை, விஷயம் முடிந்தது. ஆனால் என் மூளை அப்படி வேலை செய்யவில்லை. எரியாமல் மருந்து போட்டிருக்கிறாள் என்றால் எவ்வளவு மெதுவாகத் தொட்டிருப்பாள்? இந்த மனுஷன் அதை வேறு இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறாரே? என் வீட்டுக்காரர் முழங்கையில் இன்னொருத்தி கட்டிய கட்டோடு நாளைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்தால், பார்க்கிறவர்கள் "யாருப்பா கட்டிவுட்டது?" என்று கேட்பார்கள். இவரும் வாய் நிறைய "வித்யா" என்பார். என் பாயில், என் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், அந்தப் பெயர். வயிறு திகுதிகுவென்று எரிந்தது. எரியாத மருந்தைப் போட்டு என்னை எரியவைத்தாள் என்றுதான் தோன்றியது.

"இதெல்லாம் ஒரு மருந்தாங்க? சீழ் புடிச்சுக்கும். உக்காருங்க, நான் போட்டுவுடறேன்" என்றேன்.

"அதைப் பிரிக்க வேண்டாம்னு சொன்னா அம்மணி."

"யாரு சொன்னது?"

செந்தில் புத்திசாலி. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார்.

கட்டைப் பிரித்தேன். காயம் சுத்தமாக, அழகாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் குடோனில் காயம் என்றால் பார்த்தவுடன் பரிதாபம் வரும்படி இருக்கும். டப்பாவை எடுத்துவந்தேன். டிங்சர் மூடி சுலபமாகத் திறந்தது. ஊதா மருந்துப் பாட்டில் இறுகிப்போயிருந்தது. அதைக் கதவிடுக்கில் வைத்துத் திருகி ஒருவழியாகத் திறந்தேன். டிங்சர் வைத்து, எரிச்சல் அடங்குவதற்குள் மேலே ஊதா மருந்தைப் பூசிவிடுவது எங்கள் குடோன் பழக்கம். அதனால் இடது கையில் திறந்த ஊதா பாட்டில், வலது கையில் டிங்சர் நனைத்த பஞ்சு என்று தயாராக நின்றேன்.

எங்கள் குடோனில் இன்னொரு பழக்கமும் இருந்தது. நான் மருந்து வைக்கும்போது, காயம் பட்டவரை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் எதற்காக இருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பஞ்சை முழங்கையில் வைத்தேன். ஊதுவதற்காக ஆசையோடு வாயைக் குவித்துக்கொண்டு குனிந்தேன். செந்தில் கத்தவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடுகிற ஆள் இல்லை. நாற்காலியிலிருந்து நேராக மேலே போனார். போகிற வழியில் அவர் தோள் என் இடது கையை இடித்தது. பாட்டிலும் மேலே போனது. வரும்போது காலியாக வந்தது.

ஊதா மருந்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் ஒரு சொட்டு போதும், ஒரு குடும்பத்துக்கு. எங்கள் பாட்டிலில் பல வருஷமாக வற்றிக் குழம்பாகிப்போன சரக்கு இருந்தது. அது செந்திலின் இடது பக்கத்து முகத்தில் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் விழுந்து, காதுக்குள் கொஞ்சம் போய், மூக்கு நுனியில் நின்று சொட்டியது. சுவரில் இருந்த காலண்டர் சாமிக்கும் தெறித்தது. மிச்சத்தை நான் இரண்டு கையாலும் பிடித்தேன். எதற்குப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள்.

அதன்பிறகு நடந்ததை வைத்தியம் என்று சொல்ல முடியாது. சமையல் என்று சொல்லலாம். சோப்புப் போட்டேன், கழுத்துக்குப் பரவியது. தேங்காயெண்ணெய் தடவினேன், பளபளப்பு வந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்ததில் சிராய்ப்பு எரிந்து அவர் மறுபடியும் எழுந்தார். பற்பசை, தயிர், கடலை மாவு எல்லாம் ஒரு சுற்று வந்தன. கடைசியில் மஞ்சள் பூசினால் நிறம் மட்டுப்படும் என்று ஒரு யோசனை. அது போன இடமெல்லாம் பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. என் கைகள் இரண்டும் மணிக்கட்டு வரை கத்திரிக்காய் போல இருந்தன.

செந்தில் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பரவால்ல அம்மணி. சிராப்பு தெரியல" என்றார்.

அந்த நல்ல மனுஷன் அடுத்து ஒரு நல்ல யோசனையும் சொன்னார். "வித்யாக்கு ஒரு போன் போட்டுக் கேக்கலாமா, எதுல தொடச்சா போகும்னு?"

அந்த ஒரு போனைப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. "வேண்டாங்க" என்றேன். "காலைல தானாப் போயிரும்." முகம் ஊதாவாக இருப்பதைவிட, அதை அவளிடம் சொல்வது எனக்குப் பெரிய அசிங்கமாகப் பட்டது. அதோடு, இதையும் சொல்லிவிடுகிறேன், உள்ளுக்குள் ஒரு மூலையில் திருப்தியும் இருந்தது. இப்போது இவர் முகத்தில் இருப்பது முழுக்க முழுக்க என் மருந்து. வித்யாவின் சுவடு எங்கேயும் இல்லை.

காலையில் தானாகப் போகவில்லை. இன்னும் நன்றாக ஊறிப் பிடித்திருந்தது. முகப்பவுடரை அள்ளி அப்பிவிட்டேன். ஊதாவின் மேல் பவுடர் போட்டால் சிமெண்ட் நிறம் வரும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். பட்டுப்புடவையில் நான் பின்னால் உட்கார்ந்தேன். கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டதால் பிடித்துக்கொள்ள முடியவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டின் ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் தனியாக எழும்பி, தனியாக இறங்கினேன்.

கோயிலுக்கு வந்தும் செந்தில் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, ஹெல்மெட் என்று பந்தலுக்குள் நடந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். என் மாமியார்தான் வந்து, "ஏஞ்சாமி, கோயலுக்குள்ள எதுக்கு இது? கழட்டு" என்று அவரே கழற்றிவிட்டார். வெயிலில் உள்ளே வியர்த்து, பவுடர் கோடு கோடாக வழிந்து, பின்னணியில் ஊதா. மாமியார் ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"சாமி, மூஞ்சிக்கு என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்கம்மா. மருந்துங்க."

"எந்தக் கடங்காரன் போட்டான் இப்புடி?"

செந்தில் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். அதில் அவர் மேல் எனக்கு வந்த பாசத்தை இன்றைக்கும் செலவழித்து முடிக்கவில்லை. ஆனால் அதற்குள் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தீர்ப்பு வழங்கிவிட்டார். "இது அக்கிங்க. சந்தேகமே இல்ல. ஒட்டிக்கும். கொழந்தைகிட்ட அண்ட உடாதீங்க."

அக்கி என்றதும் முன்வரிசை நாற்காலிகள் எல்லாம் சரசரவென்று பின்னால் போயின. குயவர் யாரையாவது கூட்டிவந்து அக்கி இறங்கக் காவி எழுத வேண்டும் என்று ஒரு கோஷ்டி. இது பூச்சிக்கடி என்று இன்னொரு கோஷ்டி. நான் முந்தானைக்குள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். மாம்பழப் பட்டில் ஊதாப் பூக்கள் பூத்துக்கொண்டிருந்தன.

வித்யா வந்தாள். செந்திலின் முகத்தைப் பார்த்தாள். முழங்கையைப் பார்த்தாள். கட்டைக் காணோம். அப்புறம் என் முந்தானையைப் பார்த்தாள். "அக்கியெல்லாம் இல்லைங்க. தொட்டா ஒட்டாது. நீங்க ஆரம்பிங்க" என்று மட்டும் பெரியவரிடம் சொன்னாள். அவள் சொன்னதும் எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். நாற்காலிகள் முன்னால் வந்தன. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

பாய் விரித்தார்கள். செந்தில் உட்கார்ந்தார். நான் சீர்த்தட்டை எடுக்கக் கையை வெளியே விட்டேன். தட்டில் சந்தனம், குங்குமம், குழந்தைக்கான தங்கக் கம்மல், வெள்ளைப் பட்டுப்பாவாடை. செந்திலின் பெரியம்மா என் கையைப் பார்த்துவிட்டு அப்படியே தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அம்மணி, இந்தக் கையோட வேண்டாங்கண்ணு. பாவாடையெல்லாம் ஆயிரும். நீ செத்த அப்புடி நில்லு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணு என்று வேறு சொன்னார். நான் அப்படி நின்றேன்.

அப்புறம் மகிழாவைக் கொண்டுவந்தார்கள். இரண்டரை வயசுக் குழந்தை. செந்தில் மாமா என்றால் உயிர். ஓடி வந்தவள் பாய்க்குப் பக்கத்தில் வந்து நிமிர்ந்து பார்த்தாள். செந்தில் சிரித்தார். ஊதா முகத்தில் பல் மட்டும் வெள்ளையாக. குழந்தை வீரிட்ட வீரிடலில் சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்கள்.

நங்கையா தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடினாள். மாமாவின் முகத்தில் துண்டைப் போர்த்திப் பார்த்தார்கள். துண்டு போர்த்திய மாமா இன்னும் பயங்கரமாக இருந்தார். "மாமா வேண்டாம், மாமா வேண்டாம்" என்று குழந்தை கத்த, தாய்மாமன் மடியில்லாமல் ஊசியைத் தொட மாட்டேன் என்று காது குத்த வந்த ஆசாரி சொல்ல, நல்ல நேரம் முடியப்போகிறது என்று பூசாரி அவசரப்படுத்த, நங்கையாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோய், நினைவு வந்து கீழே இறக்கினேன்.

வித்யாதான் குழந்தையைத் தூக்கினாள். காதில் ஏதோ சொன்னாள். குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அப்படியே கொண்டுவந்து பாயில் உட்கார்ந்தாள். எங்கே? செந்திலின் பக்கத்தில். என் இடத்தில். குழந்தையின் உட்காரும் பாகம் மட்டும் மாமன் மடியில். தலை, கை, மனசு எல்லாம் வித்யாவிடம். மடி மடிதான் என்று ஆசாரி ஒத்துக்கொண்டார். மொட்டை ஆனது, சந்தனம் ஆனது, இரண்டு காதும் குத்தி முடிந்தன. குழந்தை கம்மல் காதோடு தேம்பியபோது வித்யா குனிந்து, அந்தச் சின்னக் காதில் மெதுவாக ஊதிவிட்டாள்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போட்டோக்காரர் பாயைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தார். "மாமனும் அத்தையும் கொஞ்சம் இங்க பாருங்க" என்றார் வித்யாவையும் செந்திலையும் பார்த்து. யாரும் அவரைத் திருத்தவில்லை. திருத்த வேண்டியவள் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

பந்தி ஆரம்பித்த பிறகு வித்யா என்னைத் தேடிக்கொண்டு கோயில் பின்பக்கம் வந்தாள். கையில் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும். "கையக் குடுங்கக்கா" என்றாள். நான் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஊதா கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சுக்கு வந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவ்வளவு நல்லவளாக இருந்தால் நான் எப்படிப் பொறாமைப்படுவது?

"ஊதா மருந்துக்கு முன்னாடி என்னங்கக்கா போட்டீங்க? மச்சான் முழங்கைல தோல் வெந்தாப்டி இருக்குது."

"டிங்சர்."

"அய்யோ, பாவம் மச்சான். எரிஞ்சுருக்குமே."

"எரியோணும்னுதான் போட்டேன்." என்னையறியாமல் வந்துவிட்டது.

"எதுக்குங்கக்கா?"

"ஊதிவுடறதுக்கு."

வித்யா துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "அப்பறம், ஊதுனீங்களா?"

"எங்க ஊத? அதுக்குள்ள எந்திரிச்சுட்டாரு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். குரலே உயர்த்தாதவள் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வேறு என்ன செய்வது? அதோடு விட்டிருந்தால் நாங்கள் நல்ல தோழிகளாகப் பிரிந்திருப்போம். ஆனால் சிரித்த காரணத்தை நங்கையா கேட்க, அவள் சொல்ல, பாயசம் பரிமாறுவதற்குள் கடைசி இலை வரைக்கும் கதை போய்விட்டது. "எந்தக் கடங்காரன்" என்று கேட்ட என் மாமியார், இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏங்கண்ணு, ஊதறதுன்னா சும்மாவே ஊதலாமே" என்றார். சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செந்திலின் முகத்தில் வலது பக்கம் சிவந்துபோனது. இடது பக்கம் தெரியவில்லை.

அன்றைக்கு எடுத்த போட்டோ ஒன்றை நங்கையா பெரிதாக்கி, சட்டம் போட்டு, சரவணம்பட்டி வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். நடுவில் மொட்டைத் தலையோடு மகிழா. ஒரு பக்கம் ஊதா மாமன். மறுபக்கம் வித்யா, குழந்தையின் காதில் ஊதியபடி. ஓரத்தில் ஒரு தூண். தூணைப் பிடித்தபடி ஒரு ஊதாக் கை மட்டும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், "தம்பியும் சம்சாரமுங்களா? நல்ல ஜோடி. அவருக்கு மட்டும் மூஞ்சில நெழல் உளுந்துருச்சு போல" என்பார்கள். நான் அந்தப் போட்டோவுக்கு நேர் கீழே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

வித்யாவுக்குக் கல்யாணம் ஆகி, அவள் வீட்டுக்காரரோடு குடிவந்த இடம் எங்கள் போத்தனூரேதான். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். முறைப்படி என் பிள்ளைகளுக்கு அவள் சித்தி. (அந்த வார்த்தையை என் மகள் முதன்முதலாகச் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.) எங்கள் சொந்தத்தில் யார் எங்கே விழுந்து அடிபட்டாலும், இப்போது முதல் கேள்வி எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்பதல்ல. "பானுக்குத் தெரியுமா?" என்பதுதான். தெரியாது என்றால் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். பானு நான்தான்.

போன மாதம் ஒருநாள் சாப்பிட உட்காரும்போது, என் மகள் ஒரு காலை மடக்காமல் நீட்டி உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாம்மா" என்றாள். செந்தில் திடீரென்று ரசம் பிரமாதம் என்றார். நான் இன்னும் ரசம் ஊற்றவே இல்லை. பாவாடையை விலக்கிப் பார்த்தால் முட்டியில் ஒரு கட்டு. கட்டின் மேல் பேனாவால் ஒரு பூனை வரைந்திருந்தது. வித்யா குழந்தைகளுக்குக் கட்டுப் போட்டால் பூனை வரைவாள்.

"எப்ப உளுந்த?"

"முந்தாநேத்தும்மா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார். "நாந்தான் அம்மணி வண்டில வெச்சுக் கூட்டிட்டுப் போனேன்" என்றார் கடைசியில்.

வலிக்கிறதா என்று மகளிடம் கேட்டேன். இல்லை என்றாள். எரிந்ததா என்று கேட்டேன். துளிகூட இல்லையாம். அப்புறம் எழுந்துபோய் ரசத்தைக் கொண்டுவந்து, கொதிக்கக் கொதிக்க இரண்டு பேர் தட்டிலும் ஊற்றினேன். ஊதித்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து நானே ஊதிக்கொடுத்தேன்.